விழுந்தவரும் பக்கத்தில் நின்றவரும்



ஆன்மிகத் தலைப்பில் பேச வேண்டும் என்பது இந்த நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் விதி. அந்த விதிக்குள் நின்றுகொண்டே மிகச் சிறிய விஷயங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கால் தடுக்கியது, கூரை ஒழுகியது, வீட்டில் வைத்த பழம் ஒன்று குறைந்தது, உலைக்கு எடுத்து வைத்த அரிசி காணாமல் போனது. இந்த மாதிரி ஏதாவது ஒன்று நடக்காத வாரம் நம் வீடுகளில் இல்லை. நடந்தவுடன் சொல்வதற்கான சொற்களும் நம் வாயில் தயாராக இருக்கின்றன. கண்ணாடி டம்ளர் கைதவறி உடைந்தால் திருஷ்டி கழிந்தது என்கிறோம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர் முழங்கை சிராய்ப்போடு எழுந்துவிட்டால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்கிறோம். பஸ் தவறினால், நேர்காணல் தவறினால், ஏன், வரன் தவறினாலும் எல்லாம் நல்லதுக்குத்தான்.

இந்தச் சொற்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பதறிப்போன மனம் நிலைகொள்ள அவை உதவுகின்றன. தலைமுறை தலைமுறையாக உதவியதால்தான் இன்னும் வழக்கில் இருக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று விழுந்தவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது ஒன்று. பக்கத்தில் நிற்பவர் அவரைப் பார்த்து அதையே சொல்வது முற்றிலும் வேறு. முதலாவது தைரியம். இரண்டாவது, பல நேரங்களில், அந்த இடத்தை விட்டு நகர்ந்து போவதற்கான வழி.

அன்றாட இடர்களில் ஆன்மிகப் பாடம் உண்டா என்று என்னைக் கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். யாருக்கு என்று கேட்டால், விழுந்தவருக்கு என்பேன். அவருக்கு மட்டும். அதுவும் அவர் விரும்பும்போது, அவருக்கு முடிகிறபோது. பக்கத்தில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறது. இதற்குச் சான்று தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. புதுச்சேரியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1938ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இரவு. மரின் வீதியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தில் மறுநாள் தரிசனம். 1926 நவம்பர் 24 முதல் ஸ்ரீ அரவிந்தர் தனிமையில் இருந்தார். ஆண்டுக்கு மூன்றே நாட்கள்தான் அன்பர்கள் அவரைப் பார்க்க முடியும். அதற்காகக் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்து சேர்ந்திருந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த உட்ரோ வில்சனின் மகள் மார்கரெட் வில்சனும் கடல் கடந்து வந்திருந்தார். விடிவதற்கு இன்னும் சில மணி நேரம்.

இரவு இரண்டு மணிக்கு மேல், குளியலறைப் பக்கம் போவதற்காக அறையைக் கடந்த ஸ்ரீ அரவிந்தர் தரையில் விரித்திருந்த புலித்தோலில் தடுக்கி விழுந்தார். வலது முழங்கால் புலியின் தலைப் பகுதியில் மோதியது. எழ முயன்றார், முடியவில்லை. அப்படியே படுத்திருந்தார். ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை தம் அறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு மணியை அடித்தார். கீழே இருந்த சீடர் புராணி மாடிக்கு ஓடினார். தரிசனத்துக்காகக் குஜராத்திலிருந்து வந்திருந்த டாக்டர் மணிலால் எழுப்பி அழைத்து வரப்பட்டார். அவர் காலைத் தொட்டுப் பார்த்ததுமே தொடை எலும்பு முறிந்திருக்கும் என்று சந்தேகப்பட்டார். சந்தேகம் சரிதான். காலையில் ஸ்ரீ அரவிந்தரின் தரிசனம் இல்லை என்று கூடியிருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது.

நாற்பது வயது மனிதர் இப்படி விழுந்தாலே வீடு கலங்கிப்போகும். அவருக்கு வயது 66. யோகத்தின் உச்சியில் நிற்பவர் என்று உலகம் நம்பிய ஒருவர், தம் சொந்த அறையில், தினமும் மிதித்து நடக்கும் விரிப்பில் தடுக்கி விழுந்திருக்கிறார். சம்பவத்தின் எளிமைதான் என்னை நிறுத்தி வைக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் விழுவது போலவே, இரவில், குளியலறைக்குப் போகும் வழியில்.

இதற்குப் பிறகு நடந்தவற்றை நிரோத்பரன் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஸ்ரீ அரவிந்தரோடு கடிதங்களிலேயே வாதாடி, கேலி பேசி, சந்தேகம் கேட்டு வாழ்ந்த சீடர். கடிதத்தில் மட்டுமே அறிந்த குருவின் படுக்கைக்கு அருகே இப்போது அவர் நிற்கிறார். மணிலால், சம்பக்லால், புராணி, சத்யேந்திரா, பெச்சர்லால் என்று ஒரு சிறு குழு அமைந்தது. கால் அசையாமல் கட்டிவைக்கப்பட்டிருந்த வாரங்களில் துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்கவைப்பது, உணவு கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 12 ஆண்டுகளாக மூடியிருந்த கதவு அந்தச் சிலருக்கு இப்படித் திறந்தது.

படுக்கையைச் சுற்றி மாலை நேரங்களில் பேச்சு தொடங்கியது. நிரோத்பரன் பதிவு செய்து வைத்த உரையாடல்கள் 1938 டிசம்பர் 10ஆம் தேதியிலிருந்து ஆரம்பிக்கின்றன. ஐரோப்பிய அரசியல், கவிதை, மருத்துவம், யோகம் எல்லாம் அவற்றில் வருகின்றன. 1914 முதல் ‘ஆர்யா’ இதழில் தொடராக வந்து நின்றுபோயிருந்த ‘லைஃப் டிவைன்’ திருத்தப்பட்டு 1939இலும் 1940இலும் நூலாக வெளிவந்தது. கண்பார்வை மங்கிய பிறகு அவர் சொல்லச் சொல்ல நிரோத்பரன் எழுதியதுதான் ‘சாவித்ரி’ காவியத்தின் பிற்பகுதி. 1950 டிசம்பர் 5இல் ஸ்ரீ அரவிந்தர் மறையும் வரை அந்த 12 ஆண்டுகள் இப்படிப் போயின.

இந்த இடத்தில்தான் நம் மனம் அவசரப்படுகிறது. பார்த்தீர்களா, கால் முறிந்ததால்தானே இத்தனையும் கிடைத்தன, ஆகவே முறிந்தது நல்லது என்று சொல்லிவிடத் துடிக்கிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முறிந்த எலும்பு யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள், இரவும் பகலும் முறை வைத்துக் கண்விழித்த மனிதர்கள். அதைவிட முக்கியமாக, படுக்கையில் கிடந்தவரின் இயல்பு அதற்கு முன்பே உருவாகியிருந்தது. 1910 ஏப்ரல் 4ஆம் தேதி இந்த ஊரில் கால் வைத்ததிலிருந்து 28 ஆண்டுகள் பழகிய அமைதி அது. அந்த இரவில் தரையில் கிடந்தபோது வெளிப்பட்டது அதுதான், அங்கேயே புதிதாகக் கற்றது அல்ல. இடர் பாடம் நடத்துகிறது என்று நாம் சொல்கிறோம். என் கருத்தில் இடர் தேர்வுதான் நடத்துகிறது. பாடம் நடந்தது அதற்கு முன்னால், யாரும் கவனிக்காத சாதாரண நாட்களில்.

அவரே அந்த விழுகையை எப்படிப் பார்த்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. எதிர் சக்திகளின் தாக்குதல் என்றார். அன்னையைக் காப்பதில் கவனமாக இருந்ததால் தம்மைப் பற்றி எச்சரிக்கையாக இல்லை என்ற பொருளில் சீடர்களிடம் பேசியிருக்கிறார். அந்த விளக்கத்தை ஏற்பவர்கள் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. நான் கவனிப்பது, அதை அவர் சொல்லியிருக்கிறார் என்பதை. விழுந்தவர் அவர். விளக்கம் சொல்லும் உரிமை அவருடையது. நிரோத்பரனோ மணிலாலோ புராணியோ படுக்கையருகே நின்று இதன் உட்பொருள் இன்னது என்று அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அவர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே ஆசிரமத்தின் வரலாற்றில் இன்னொரு சிறு இடர் உண்டு. 1920 நவம்பர் 24. புயல் மழை. அன்னை அப்போது ஸ்ரீ அரவிந்தரின் வீட்டில் தங்கியிருக்கவில்லை. அவர் டாரதி ஹாட்ஜ்சன் என்ற தோழியோடு வேறு வீட்டில் இருந்தார். கூரை ஒழுகி, அந்த வீடு தாங்குமா என்ற நிலை வந்தபோது, ஸ்ரீ அரவிந்தர் இருவரையும் பிரான்சுவா மர்த்தேன் வீதியில் தாம் இருந்த வீட்டுக்கே வந்துவிடும்படி சொன்னார். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. பின்னாளில் ஆசிரமமாக வளர்ந்த வாழ்க்கை அப்படி ஒரே கூரையின் கீழ் வந்தது. ஒழுகிய கூரைக்கு நன்றி சொல்வதா, இங்கே வந்துவிடுங்கள் என்று சொன்ன வாய்க்கு நன்றி சொல்வதா என்று கேட்டால், எனக்கு ஐயமே இல்லை.

நம் ஒன்றியப் பிரதேசத்தின் இன்னொரு பகுதியான காரைக்காலுக்குப் போவோம். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி அங்கே மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் ஊர்வலம் வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் கை நீட்டிப் பிடிப்பார்கள். இந்தக் கோலாகலத்துக்கு அடியில் இருப்பது ஒரு வீட்டுச் சங்கடம்.

பெரியபுராணம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். வணிகன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்கு, கறி இன்னும் ஆகாத நிலையில், சோற்றோடு ஒரு பழத்தைக் கொடுத்துவிடுகிறார் அவன் மனைவி புனிதவதி. மதியம் கணவன் உண்ண உட்காருகிறான். மிஞ்சிய பழத்தை வைக்கிறார். சுவை பிடித்துப்போக, இன்னொன்றையும் கொண்டு வா என்கிறான். இல்லாத பழத்தை எப்படிக் கொண்டு வருவது? உள்ளே போய் நின்று இறைவனை நினைக்கிறார். கையில் ஒரு பழம் வருகிறது. அதன் சுவையோ மாறியிருக்கிறது. எங்கே கிடைத்தது என்று அவன் கேட்கிறான். உண்மையைச் சொல்கிறார். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைந்துவிடுகிறது.

நாம் இந்தக் கதையை அற்புதத்தோடு நிறுத்திவிடுகிறோம். நான் அதற்கு அடுத்த கட்டத்தைப் பார்க்கச் சொல்கிறேன். பரமதத்தன் பக்கத்தில் நின்று பார்த்தவன். பார்த்ததிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறான். இவள் பெண்ணல்ல, தெய்வம். அந்தப் பாடம் பொய் என்று சொல்ல முடியாது, சேக்கிழாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான்? அவளை விட்டுப் போகிறான். வணிகம் என்று கப்பலேறிப் பாண்டிநாட்டில் இறங்கி, வேறொரு பெண்ணை மணக்கிறான். மகள் பிறந்ததும் அவளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் தேடிப்பிடித்து மனைவியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, குடும்பத்தோடு அவர் காலில் விழுகிறான். வணங்குகிறான், ஆனால் வாழ மறுக்கிறான். ஒருவரைத் தெய்வம் என்று உயர்த்தி வைப்பதும் அவரைக் கைவிடும் வழியாகலாம் என்பதை இந்தக் கதையை விடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. துன்பத்தில் இருப்பவரைப் பார்த்து, நீங்கள் எவ்வளவு பக்குவமானவர், ஆண்டவன் உங்களைச் சோதிக்கிறான் என்று கும்பிட்டுவிட்டுப் போகிறோமே, அது பரமதத்தன் கும்பிட்ட கும்பிடு.

புனிதவதியாரின் பாடம் வேறு. அது அவருடையது. கணவனுக்காகத் தாங்கிய இந்த உடல் அழகு இனி எதற்கு என்று கேட்டு, பேயுருவை வேண்டிப் பெற்று, கயிலையை நோக்கிப் போகிறார். அந்த முடிவை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்னொருவர் சொல்லித்தந்திருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும். அவரே எடுத்ததால் அவர் காரைக்கால் அம்மையார்.

இடர் யாருக்குரிய பாடம் என்பதற்கு வள்ளுவரிடமும் ஒரு அமைப்பைக் கவனியுங்கள். ஊழ் என்னும் அதிகாரம் 38ஆவது, அறத்துப்பாலின் கடைசி. இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரமோ அங்கே ஊழுக்குப் பக்கத்தில் இல்லை. துறவறத்தில் இல்லை. பொருட்பாலில், அரசியலில், 63ஆவது அதிகாரமாக நிற்கிறது. அதற்கு முந்தையது ஆள்வினையுடைமை. முயற்சியைப் பேசி முடித்த கையோடு இடுக்கணைப் பேசுகிறார். வேலை செய்கிறவனுக்குத்தான் இடையூறு வரும், அவன் கலங்காமல் வேலையைத் தொடர வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது. அதிகாரம் முழுவதும் துன்பம் வந்தவன் தன் மனதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே பேச்சு.

இனி பாரதியார். இந்த ஊரில் அவரை விட்டுவிட்டு எந்தப் பேச்சும் முடியாது. 1908இல் வந்தவர் 1918 வரை இங்கே இருந்தார். அவர் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ பத்திரிகை 1910இல் நின்றுபோன பிறகு வீட்டில் காசு நிலையாக இல்லை. அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்று குடும்பத்தார் நினைவுகள் வழியாக நாடெங்கும் பரவியிருக்கிறது. அவர் மனைவி செல்லம்மாள் கடன் வாங்கிய அரிசியை முறத்தில் போட்டு வைத்துவிட்டு உள்ளே போகிறார். திரும்பி வந்து பார்த்தால் அரிசி முற்றத்தில். குருவிகள் கொத்துகின்றன. கணவர் பரவசத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இதைச் சொல்லும்போது சபையில் எப்போதும் கைதட்டல் வரும். உயிர்களெல்லாம் ஒன்று என்ற பேருண்மை அல்லவா? உண்மைதான், நானும் அதை வணங்குகிறேன். ஆனால் செல்லம்மாளின் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். காலி முறத்தைக் கையில் எடுத்தவர் அவர். அன்றைக்கு என்ன சமைப்பது, பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது, எந்த வீட்டுப் படியில் மறுபடி போய் நிற்பது என்று யோசித்தவர் அவர். ஞானம் ஒருவருக்குக் கிடைத்தது, விலை இன்னொருவர் கொடுத்தார். அந்த விலையைச் சேர்த்துச் சொல்லாமல் குருவிக் கதையை மட்டும் சொல்வது செல்லம்மாளுக்குச் செய்யும் அநியாயம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். இன்றும் இதுவே நடக்கிறது: ஆயுத பூஜையன்று கடை வாசலில் திருஷ்டி கழிய உடைத்த பூசணிக்காயில் இரவு வேலை முடிந்து வரும் ஒருவர் வண்டியோடு வழுக்கி விழுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். நமக்கு வரவேண்டிய இடரை இன்னொருவர் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. நம் ஆன்மிகத்தின் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று கேட்பதும் ஆன்மிகம்தான்.

பாரதியார் இதை அறியாதவர் அல்லர். நள வருஷம் கார்த்திகை 8ஆம் தேதி புதன்கிழமை, அதாவது 1916 நவம்பர் 22 இரவு, புதுச்சேரியைப் புயல் தாக்கியது. அந்த இரவையே தலைப்பில் குறித்து, வீட்டுக்குள் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக ஒரு பாட்டு எழுதினார். புயல் ஓய்ந்த பிறகு எழுதியது ‘பிழைத்த தென்னந்தோப்பு’. ஊரெங்கும் மரங்கள் சாய்ந்து கிடக்க, ஒரு சிறு மேட்டில் ஓர் ஏழையின் சிறிய தென்னந்தோப்பு தப்பியிருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைகிறார். காற்று ஏழையிடம் இரக்கம் காட்டியதாக அவர் மனம் எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது, அந்தத் தோப்பிலும் சில மரங்கள் விழுந்துவிட்டன என்பதை அவர் மறைக்கவில்லை. பல நின்றன, சில விழுந்தன. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் ஆறுதல் கொள்கிறார். மேலும், அவர் ஆறுதல் தேடித் தனியாக அங்கே போகிறார். தமக்காகப் போகிறார். மரமெல்லாம் இழந்த பக்கத்துத் தோப்புக்காரரிடம் போய், பார், கடவுள் ஏழைகளைக் காப்பாற்றுகிறான் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அங்கே சொல்லப்பட்டிருந்தால் அதைப் போலக் குரூரமானது வேறில்லை. இடம் மாறினால் அதே உண்மை காயமாகிவிடுகிறது.

அண்மைக் காலத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் நமக்கு அருகே கரையைக் கடந்தது. நகர மறுத்து மேலேயே நின்றது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பெய்த மழை 48 சென்டிமீட்டருக்கு மேல். கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி ஆட்களை மீட்டது. ரெயின்போ நகரில் எத்தனை வீடுகளில் கட்டிலுக்கு மேல் தண்ணீர் நின்றது என்று இங்கே இருப்பவர்களில் பலருக்குச் சொந்த அனுபவம்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா சிறிய தையல் கடை வைத்திருக்கிறார். வீட்டின் முன்னறைதான் கடை. தண்ணீர் வடிந்த அன்று நான் போனபோது, இரண்டு மெஷின்களின் மோட்டாரிலும் சேறு. அது போனால் போகிறது என்பது போல அவர் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த ரவிக்கைத் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணப் பட்டு, பள்ளிச் சீருடை, ஃபால்ஸ் வைக்க வந்த சேலைகள், அளவு ரவிக்கைகள், எல்லாம் ஒன்றோடொன்று சாயம் ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு துணியிலும் பெயரும் அளவும் எழுதிக் குண்டூசியால் குத்திய சீட்டு இருக்கும். குண்டூசிகள் இருந்தன. சீட்டுகள் கூழாகிவிட்டன. யாருடையது எது என்று தெரியாது.

வந்தவர்கள் பலர். ஒருவர், உசுருக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே பெருசு என்றார். இன்னொருவர், பெருசா வர இருந்தது இதோட போச்சுன்னு நினைச்சுக்கோ என்றார். வேறொருவர் கீதை சொன்னார். அந்த அம்மா எல்லோருக்கும் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டுப் பெண் ஒரு வாளியும் சோப்புத்தூள் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். “அக்கா, நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. ஒவ்வொண்ணா எடுத்துக் குடு. பட்டைத் தனியாப் போடு.” அவ்வளவுதான் பேச்சு. பிறகு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அலசி விரிக்கும்போதே, இது ஸ்கூல் டீச்சரோடது, இந்த ஜன்னல் வச்ச கழுத்து பூக்காரம்மா பொண்ணோடது என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசித் துணிக்கு உடையவர் பெயர் தெரிந்துவிட்டது. பெயர்களை அந்த அம்மா தம் கையாலேயே ஒரு நோட்டில் எழுதினார். நோட்டு இப்போது மேல்தட்டில் இருக்கிறது.

சில மாதங்களுக்குப் பிறகு, யாரும் கேட்காமல், ஒரு நாள் அவர் சொன்னார். “தண்ணி வந்தப்ப ஒருத்தர்கூட என் துணி என்னாச்சுன்னு சத்தம் போடலைங்க. நானு, தீவாளிக்கு ஒரு நாள் லேட்டாப் பட்டன் தச்சதுக்கு அந்தப் பையனை எவ்ளோ கத்தியிருக்கேன்.” கடையில் உதவிக்கு இருந்த பையனைச் சொல்கிறார். அவன் வேலையை விட்டுப் போயிருந்தான். அவன் வீட்டுக்குப் போய்ப் பேசித் திரும்ப அழைத்து வந்திருக்கிறார். இப்போது அவன் அங்கே இருக்கிறான்.

இந்தப் பாடத்தை வெளியில் நின்ற நம்மில் யார் கண்டுபிடித்திருக்க முடியும்? அன்று அவருக்குக் கீதை சொன்னவரால் முடியுமா? என்னால் முடியுமா? அவருடைய வாழ்க்கையின் எந்த மூலையில் அந்தத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்கே சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. நாம் அவசரமாக ஒரு பாடத்தைக் கையில் திணித்திருந்தால், அதற்குத் தலையாட்டிக்கொண்டே தம்முடையதைத் தவறவிட்டிருப்பார்.

மிஷன் வீதி வழியாகப் போகும்போது சம்பா கோயில் என்னும் தேவாலயத்தைத் தாண்டிப் போகிறோம். அங்கே வாசிக்கப்படும் விவிலியத்தில் யோபுவின் கதை இருக்கிறது. ஆடு மாடு போய், பிள்ளைகள் போய், உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான் யோபு. மூன்று நண்பர்கள் கேள்விப்பட்டுத் தூரத்திலிருந்து வருகிறார்கள். அவனை அடையாளமே தெரியவில்லை. அழுகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு யோபு வாய்விட்டுப் புலம்பத் தொடங்கியதும் அவர்கள் விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். கடவுள் நீதியானவர், ஆகவே நீ ஏதோ செய்திருப்பாய். இது உன்னைத் திருத்துவதற்காக. பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பக்தியான பேச்சு, எந்த மேடையிலும் பேசலாம். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது, தம்மைக் கேள்வி கேட்டுக் கூச்சலிட்ட யோபுவிடம் அல்ல. தம் சார்பாக வாதாடிய அந்த மூவரிடம். யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்பது அவர்கள்மீது வரும் குற்றச்சாட்டு. யோபு அவர்களுக்காக வேண்டிக்கொண்ட பிறகுதான் மன்னிப்பு.

சைவ வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் கை நடுங்கும். ஆன்மிகம் பேசுகிற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது படிக்க வேண்டியது இது. மருத்துவமனை வராந்தாவில், சாவு வீட்டுப் பந்தலில், கடன்காரன் வந்து போன வீட்டின் திண்ணையில் நாம் எத்தனை முறை அந்த மூவராகப் பேசியிருக்கிறோம்.

மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம். அப்படியானால் துன்பத்தில் இருப்பவரிடம் எதுவுமே பேசக் கூடாதா? பேசலாம். கேட்டால் சொல்லலாம். அவரே தம் இடருக்கு ஒரு பொருள் சொன்னால், அது நமக்கு எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும், குறுக்கே பேசாமல் கேட்கலாம். என் பையன் கால் உடைந்து வீட்டில் கிடந்ததால்தான் அவனோடு பத்து நாள் பேச முடிந்தது என்று ஒரு தகப்பன் சொன்னால், அது அவர் கண்டெடுத்தது, அவருடைய சொத்து. நாம் அவருக்கு முன்னால் ஓடிப்போய் அதைக் கண்டெடுக்க வேண்டியதில்லை.

நமக்கே இடர் வரும்போது? அப்போது தேடலாம், தாராளமாகத் தேடலாம். பால் பொங்கி வழிந்ததில், செருப்பு தொலைந்ததில், மின்சாரம் போன இரவில். அதிலும் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். நான் கண்டெடுத்தது என் கையை இன்னொருவர் பக்கம் நீட்டச் செய்கிறதா, மடக்கிக்கொள்ளச் செய்கிறதா? தையல்கடை அம்மாவை அது அந்தப் பையனின் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. பரமதத்தனைக் கப்பலேற்றியது.

நேரம் நெருங்குகிறது. புதுச்சேரிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். குவளைக் கண்ணன் என்று பாரதியார் அன்போடு பாடிய கிருஷ்ணமாச்சாரி. பாரதியாருக்கு யாழ்ப்பாணத்துச் சாமி என்ற துறவியை அறிமுகப்படுத்தி வைத்தவர் அவர்தான். பெரிய எழுத்தாளர் அல்லர், மேடைப் பேச்சாளர் அல்லர். தம் இறுதிக் காலத்தில் பாரதியார் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்தார். பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழமும் தேங்காயும் கொடுப்பது அவர் வழக்கம். ஒருநாள் மதம் பிடித்துக் கட்டிவைக்கப்பட்டிருந்த யானையிடம் வழக்கம்போலப் போனார். அது துதிக்கையால் தள்ளியது. அவர் அதன் கால்களுக்கு நடுவே விழுந்துவிட்டார். சுற்றி நின்ற கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. செய்தி கேட்டு ஓடிவந்த குவளைக் கண்ணன் கம்பிகளைத் தாண்டி யானையின் காலடிக்குள் பாய்ந்து, பாரதியாரைத் தூக்கித் தோளில் சார்த்திக்கொண்டு வெளியே வந்தார். பிறகு மண்டயம் சீனிவாசாச்சாரியார் முதலிய நண்பர்கள் சேர்ந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சீனிவாசாச்சாரியாரும் புதுச்சேரி நாட்களின் நண்பர்தான்.

யானை அடித்து பாரதி இறந்தார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அவர் காயம் தேறி எழுந்தார். ‘சுதேசமித்திர’னில் மறுபடி வேலை பார்த்தார். ஈரோட்டுக்குப் போய்க் கருங்கல்பாளையத்தில் மனிதனுக்கு மரணமில்லை என்ற தலைப்பில் பேசினார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதினார்.  1921 செப்டம்பரில் வயிற்றுக் கடுப்பு வந்துதான் மறைந்தார். இடையில் கிடைத்த அந்தச் சில மாதங்களில் அவர் எழுதியதும் பேசியதும் நம் கையில் இருக்கின்றன.